பென்டிரைவில் காப்பி ஓடும்போது மொத்தக் கணினியும் ஏன் திணறுகிறது?

லினக்ஸ் ஓடும் ஒரு லேப்டாப், 8 ஜிபி ராம். பழைய பென்டிரைவ் ஒன்றைச் செருகி 4 ஜிபி வீடியோவைக் காப்பி போடுங்கள். முதல் ஒரு ஜிபி கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். காப்பி காட்டும் வேகம் நொடிக்கு 300 எம்பி, 400 எம்பி என்று இருக்கும், அந்தப் பென்டிரைவால் அதில் பத்தில் ஒரு பங்குகூட எழுத முடியாது என்று நமக்கே தெரியும். அப்புறம் பட்டை அப்படியே நின்றுவிடும். நகரும், நிற்கும், மறுபடி நகரும். அந்த நேரம் பார்த்து வேறு ஜன்னலில் ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால் (அது பென்டிரைவில்கூட இல்லை, உள்ளே இருக்கும் டிஸ்க்கில்தான் இருக்கிறது) அந்த ஜன்னலும் உறைந்துவிடும். பழைய கர்னல்களில் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) இது தினமும் நடக்கும். புதியவற்றில் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போய்விடவில்லை.

இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது, டிஸ்க் வேண்டுகோள்களை வரிசைப்படுத்தும் ஐஓ ஷெட்யூலரை மாற்றிப் பார்ப்பது. டெட்லைன் போடு, பிஎஃப்க்யூ போடு என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். சில சமயம் பலன் கிடைக்கும், பல சமயம் ஒன்றும் மாறாது. காரணம், எழுதும் வேலைக்கு கர்னலில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன, ஷெட்யூலர் அதில் கீழ் வாசல் மட்டும்தான். மேல் வாசலில் வேறொருவர் நிற்கிறார். இந்த இருவருக்கும் இடையில் பேச்சுவார்த்தை மிகக் குறைவு, லினக்ஸில் பல வருடங்களாக நடந்துவரும் சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் மேல் வாசல். ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் கர்னல் உடனே டிஸ்க்கைத் தொடுவதில்லை. தரவை ராமில் இருக்கும் பேஜ் கேஷில் வைத்துவிட்டு "ஆச்சு, நீ போ" என்று திருப்பி அனுப்பிவிடும். அப்படி ராமில் மாறிவிட்ட, டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத 4 கிலோபைட் பக்கங்களுக்குத்தான் டர்ட்டி பேஜ் என்று பெயர். பின்னால் ஃப்ளஷர் என்ற கர்னல் த்ரெட் 5 நொடிக்கு ஒரு தரம் எழுந்து, 30 நொடிக்கு மேல் பழையதாகிவிட்டவற்றை டிஸ்க்குக்கு அனுப்பும். டர்ட்டி பேஜ்கள் கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் வயது பார்க்காமல் அனுப்ப ஆரம்பிக்கும். 20 சதவீதத்தை நெருங்கினால் ஃப்ளஷரால் மட்டும் சமாளிக்க முடியாது என்று பொருள், எழுதும் புரோகிராமையே தூங்க வைக்க வேண்டியதுதான். இந்தத் தூங்க வைப்பதைத்தான் ரைட் த்ராட்டிலிங் என்கிறோம்.

இனி பென்டிரைவுக்கு வாருங்கள். 8 ஜிபியில் கிடைக்கக்கூடியது 6 ஜிபி என்று வையுங்கள். அதில் 20 சதவீதம் 1.2 ஜிபி. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அந்த 1.2 ஜிபியை இறக்கி முடிக்க 2 நிமிடம் ஆகும். முதல் ஒரு ஜிபி பறந்து போனதன் ரகசியம் இதுதான், அது பென்டிரைவுக்குப் போகவே இல்லை, ராமில் குந்தியிருக்கிறது. ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பை நொடிக்கு ஒரு தரம் திறந்து, அதில் டர்ட்டி, ரைட்பேக் (இப்போது டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருப்பவை) என்ற இரண்டு வரிகளை மட்டும் கவனியுங்கள். காப்பி தொடங்கியதும் டர்ட்டி விறுவிறுவென ஏறும், ஒரு உயரத்தில் போய் முட்டி நிற்கும், பட்டை நிற்பதும் சரியாக அந்த நேரம்தான். காப்பி முடிந்தது என்று கணினி சொன்ன பிறகும் அந்த எண் மெதுவாக, மிக மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். பென்டிரைவைப் பிடுங்காமல் 'பாதுகாப்பாக அகற்று' கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது கீழ் வாசல். ஃப்ளஷர் அனுப்பும் எழுத்துகளும் (தரவை எழுதும் வேண்டுகோள்கள்), புரோகிராம்கள் கேட்கும் படிப்புகளும் (தரவைப் படிக்கும் வேண்டுகோள்கள்) ஒரே டிஸ்க்கின் முன்னால் வரிசையில் நிற்கும். யாரை முதலில் விடுவது என்று முடிவு செய்பவர் ஷெட்யூலர். சுழலும் டிஸ்க் காலத்தில் இந்த வேலையின் மதிப்பு மிக அதிகம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி ஆகும், தலையை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்த இன்னும் சில மில்லிநொடிகள். ஆக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு சுமார் 100 வேலைகூடத் தேறாது, 4 கிலோபைட் வீதம் கணக்குப் போட்டால் நொடிக்கு 400 கிலோபைட். அதே டிஸ்க்கை வரிசையாக எழுதச் சொன்னால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் எழுதும். ஒரே சாதனம், 250 மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

அதுபோக, படிப்பும் எழுத்தும் ஒன்றல்ல. படிப்பைக் கேட்ட புரோகிராம் பதில் வரும்வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். எழுத்துக்கு அங்கே யாரும் காத்திருப்பதில்லை, எழுதியவர் எப்போதோ போய்விட்டார். அதனால் பெரும்பாலான ஷெட்யூலர்கள் படிப்புக்குச் சலுகை கொடுக்கும். டெட்லைன் ஷெட்யூலரில் படிப்புக்குக் கெடு அரை நொடி, எழுத்துக்கு 5 நொடி. 2006-இல் 2.6.18 கர்னலில் இயல்பு ஷெட்யூலராக வந்த சிஎஃப்க்யூ ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி க்யூ வைத்து, நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தது. முன்னுரிமை வகுப்புகளும் இருந்தன, ஐஓநைஸ் என்ற கட்டளையால் ஒரு புரோகிராமைக் கடைசி வரிசைக்குத் தள்ளலாம்.

தள்ளினால் தள்ளியபடி நடக்குமா என்றால், படிப்பில் நடக்கும், எழுத்தில் நடக்காது.

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மதகில் நிற்கும் நீர்க்கட்டி எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுவார். ஆனால் ஏரிக்குள் வந்து கலந்துவிட்ட தண்ணீரில் எது எந்த ஓடையிலிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியாது. பேஜ் கேஷ்தான் அந்த ஏரி. பத்து புரோகிராம்கள் எழுதியவை அதில் கலந்துவிடுகின்றன, ஃப்ளஷர் தன் பெயரில் எடுத்துக் கீழே அனுப்புகிறது. ஷெட்யூலர் பார்க்கும்போது எல்லாமே ஃப்ளஷரின் எழுத்து. எந்தப் புரோகிராமை ஐஓநைஸ் போட்டுத் தாழ்த்தினீர்கள் என்பது அங்கே அழிந்துபோயிருக்கும்.

இதில் நான் நேரடியாகப் பட்ட அடி ஒன்று உண்டு. ஒரு சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 64 ஜிபி ராம், சுழலும் டிஸ்க், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை. அதே டிஸ்க்கில் டேட்டாபேஸ், அதே டிஸ்க்கில் இரவு பேக்கப். பேக்கப் ஓடும் நேரம் மட்டும் டேட்டாபேஸில் ஒரு சின்ன கமிட்டுக்குக்கூட (மாற்றத்தை நிரந்தரமாகப் பதிவது) பல நொடிகள் ஆகும். பேக்கப்பை ஐஓநைஸ் போட்டுக் கடைசி வகுப்புக்குத் தள்ளினேன். அது படிக்கும் வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் கமிட் சரியாகவில்லை. டர்ட்டி எண்ணைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது, அது பல ஜிபிக்கு ஏறி நின்றது. 10 சதவீதம் என்பது சின்ன எண் போலத் தெரியும், 64 ஜிபி கணினியில் அது கிட்டத்தட்ட 6 ஜிபி, நொடிக்கு 120 எம்பி எழுதும் டிஸ்க்குக்கு 50 நொடி வேலை. ஃப்ளஷர் ஒருமுறை இறக்க ஆரம்பித்தால் அத்தனை பெரிய அலை டிஸ்க்கின் மேல் விழும், டேட்டாபேஸின் எஃப்சிங்க் (தரவு டிஸ்க்குக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கும் அழைப்பு) அந்த அலைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். சதவீதக் கணக்கை விட்டுவிட்டு, பைட் கணக்கில் பின்னணி வரம்பை 256 எம்பி, மேல் வரம்பை 1 ஜிபி என்று வைத்தேன். அலை சின்னச் சின்னதாக உடைந்தது, கமிட் மூச்சு விட்டது. பேக்கப் முடிய கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கீழ் வாசலில் நான் எதையும் தொடவில்லை. மேல் வாசலைக் குறுக்கியதும் கீழே நெரிசல் குறைந்தது, அவ்வளவுதான்.

எஃப்சிங்க் என்றதும் இன்னொரு முடிச்சையும் சொல்ல வேண்டும். ஈஎக்ஸ்டி3, ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளில், மாற்றங்களை முதலில் குறித்து வைக்கும் ஜர்னல் என்ற பதிவேடு உண்டு. ஒரு புரோகிராம் எஃப்சிங்க் கேட்டால் ஜர்னலில் ஒரு கமிட் நடக்க வேண்டும், அந்தக் கமிட்டில் அடுத்தவர்களின் மாற்றங்களும் சேர்ந்தே இருக்கும். ஈஎக்ஸ்டி3-இன் ஆர்டர்ட் முறையில் நிலைமை இன்னும் மோசம், கமிட் முடிய அந்த மாற்றங்களைச் சேர்ந்த தரவு எல்லாம் முதலில் டிஸ்க்குக்குப் போயாக வேண்டும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அது வரலாற்றையும் புக்மார்க்கையும் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் வைத்து, பக்கம் மாறும்போதெல்லாம் எஃப்சிங்க் கேட்டது. பின்னால் பெரிய காப்பி ஓடிக்கொண்டிருந்தால் பிரௌசர் நொடிக்கணக்கில் உறைந்தது. பிரௌசர் எழுதச் சொன்னது சில கிலோபைட், காத்திருந்ததோ அடுத்தவர் எழுதிய நூற்றுக்கணக்கான எம்பிக்காக. இந்த இடத்தில் ஷெட்யூலர் பிரௌசருக்கு எவ்வளவு சலுகை கொடுத்தாலும் பயனில்லை, பிரௌசர் நிற்பது டிஸ்க் வரிசையில் அல்ல, ஜர்னல் வரிசையில். உயர்ந்த முன்னுரிமை உள்ளவர் தாழ்ந்த முன்னுரிமை உள்ளவரின் பின்னால் மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

சரி, மேல் வாசலில் நிற்பவர் கீழே டிஸ்க் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வேலை செய்தால் என்ன? அங்கேயும் ஒரு நீண்ட கதை இருக்கிறது. பழைய கர்னல்களில் வரம்பைத் தொட்ட புரோகிராமிடம் "நீதானே அழுக்காக்கினாய், நீயே போய்ச் சுத்தம் செய்" என்று சொல்லி, அதையே டிஸ்க்குக்கு எழுத வைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து புரோகிராம்கள் ஒரே நேரத்தில் வரம்பைத் தொட்டால் பத்தும் பத்து கோப்புகளைப் பிடித்துக்கொண்டு டிஸ்க்கின் பத்து மூலைகளில் எழுதத் தொடங்கும். தலை அங்கும் இங்கும் ஓடும், மேலே சொன்ன அந்த 250 மடங்குச் சரிவை நோக்கி டிஸ்க் போகும். அதை ஒழுங்குபடுத்த ஷெட்யூலருக்கு வாய்ப்பும் குறைவு, ஏனென்றால் பழைய பிளாக் லேயரில் (டிஸ்க் வேண்டுகோள்களைக் கையாளும் கர்னல் அடுக்கு) ஒரு திசைக்கு 128 வேண்டுகோள்கள்தான் க்யூவில் நிற்க முடியும், அதற்குள் வந்தவற்றைத்தான் அடுக்க முடியும். க்யூ நிரம்பினால் வேண்டுகோள் கொடுக்க வந்தவர் அங்கேயே தூங்குவார். திட்டமிடாமல் உருவான இன்னொரு த்ராட்டில் அது, யார் எவ்வளவு எழுதினார் என்று பார்க்காமல் கையில் கிடைத்தவரை நிறுத்தும். மேல் வாசலின் ஒரு முடிவு கீழ் வாசலின் வேலையை நேரடியாகக் கெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இது படிப்படியாகத்தான் மாறியது. 2008 தொடக்கத்தில் வந்த 2.6.24-இல் கர்னல் எழுதுபவர்களில் ஒருவரான பீட்டர் ஸைல்ஸ்ட்ரா ஒவ்வொரு சாதனத்துக்கும் அது எழுதி முடிக்கும் வேகத்துக்குத் தக்கபடி டர்ட்டி வரம்பில் பங்கு பிரித்தார், மெதுவான பென்டிரைவ் மொத்த வரம்பையும் விழுங்குவது அதனால் குறைந்தது. 2009 கடைசியில் 2.6.32-இல் ஜென்ஸ் ஆக்ஸ்போ ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி ஃப்ளஷர் கொண்டுவந்தார். பெரிய மாற்றம் 2012 ஜனவரியில் வந்த 3.2. வூ ஃபெங்குவாங் செய்தது என்னவென்றால், எழுதும் புரோகிராம் இனி டிஸ்க்கைத் தொடவே கூடாது, அளவாகத் தூங்க மட்டும் வேண்டும், டிஸ்க்குக்கு எழுதுவது முழுக்க ஃப்ளஷரின் வேலை என்று பிரித்தார். எவ்வளவு தூங்க வேண்டும்? கர்னல் 200 மில்லிநொடிக்கு ஒரு முறை சாதனம் உண்மையில் எவ்வளவு எழுதி முடித்தது என்று அளக்கும், அந்த வேகத்தை எழுதுபவர்களுக்கு இடையில் பங்கு போடும், டர்ட்டி அளவு இலக்கைவிட ஏறினால் பங்கைக் கொஞ்சம் குறைக்கும், இறங்கினால் கூட்டும். ஒரு தூக்கம் 200 மில்லிநொடிக்கு மேல் போகாது. பல நொடிகள் ஒரேயடியாக உறைவதற்குப் பதில் சின்னச் சின்ன இடைவெளிகள். ஃப்ளஷர் ஒருவரே எழுதுவதால் கோப்பு கோப்பாக, நீளமான வரிசையாகப் போகும், ஷெட்யூலருக்கும் அடுக்க நல்ல சரக்கு கிடைக்கும். மேல் வாசலை ஒழுங்குபடுத்தினார், கீழ் வாசல் தானாக நன்றாக வேலை செய்தது. என் பார்வையில் லினக்ஸ் எழுத்துப் பாதையில் நடந்த மிக அழகான திருத்தம் இது.

ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. பின்னணி வரம்புக்கும் மேல் வரம்புக்கும் நடுப்புள்ளி வரை, அதாவது இயல்பு அமைப்பில் சுமார் 15 சதவீதம் வரை, யாரையும் தடுப்பதில்லை. அதற்குள்ளேயே ஃப்ளஷர் முழு வேகத்தில் டிஸ்க்கில் கொட்டிக்கொண்டிருக்கலாம். மேலே யாருக்கும் சுமை இல்லை, கீழே படிப்புகள் நசுங்கும். ஷெட்யூலர் படிப்பை முன்னால் விடுமே என்றால், எழுத்துகள் ஏற்கெனவே சாதனத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது? சாட்டா டிஸ்க்குக்குள்ளேயே 32 வேண்டுகோள் நிற்கும் க்யூ உண்டு, எஸ்எஸ்டிக்குள் அதன் சொந்தக் குப்பை அகற்றும் வேலை வேறு நடக்கும். உள்ளே போனதன் மேல் ஷெட்யூலருக்கு அதிகாரம் இல்லை. 2014-இல் 3.13-இல் வந்த, பல க்யூக்கள் வைக்கும் மல்டிக்யூ முறைக்குப் பிறகு என்விஎம்இ என்ற அதிவேக எஸ்எஸ்டி சாதனங்களுக்குப் பெரும்பாலும் ஷெட்யூலரே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள், அங்கே கீழ் வாசலில் ஆளே இல்லை.

இந்த ஓட்டைக்குத்தான் 2017-இல் 4.10 கர்னலில் ஆக்ஸ்போ ரைட்பேக் த்ராட்டிலிங் என்று ஒன்றைச் சேர்த்தார், சுருக்கமாக டபிள்யூபிடி. நெட்வொர்க்கில் ரௌட்டருக்குள் பாக்கெட்டுகள் தேங்கித் தாமதமாவதைத் தீர்க்க வந்த கோடெல் முறையிலிருந்து எடுத்த யோசனை. 100 மில்லிநொடி அளவுள்ள ஒரு சன்னலில் படிப்புகளின் தாமதத்தைப் பார்க்கும். எஸ்எஸ்டியில் 2 மில்லிநொடி, சுழலும் டிஸ்க்கில் 75 மில்லிநொடி என்ற இலக்கைத் தாண்டினால், ஃப்ளஷர் ஒரே நேரத்தில் சாதனத்துக்குள் அனுப்பக்கூடிய எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். படிப்பு சீரானால் மறுபடி கூட்டும்.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். நீங்கள் ஒரு புரோகிராமைத் திறக்கிறீர்கள், அதன் படிப்புகள் தாமதமாகின்றன. டபிள்யூபிடி ஃப்ளஷரின் கையை இறுக்குகிறது. ஃப்ளஷர் மெதுவானதால் சாதனம் எழுதி முடிக்கும் வேகம் குறைந்ததாக மேலே அளவு வருகிறது, டர்ட்டி ஏறுகிறது. நடுப்புள்ளியைத் தாண்டியதும் காப்பி போடும் புரோகிராமின் தூக்கம் நீள்கிறது. கீழே உள்ள நெரிசல் மேல் வாசல்வரை வந்து சேர்ந்துவிட்டது, ஆனால் நேரடித் தகவலாக அல்ல, ஏரி மட்டம் ஏறியதைப் பார்த்துப் புரிந்துகொண்டதாக. அதனால்தான் நொடிகள் பிந்தி வருகிறது. இதே வருடம் 4.12-இல் வந்த பிஎஃப்க்யூ ஷெட்யூலரைப் போட்டால் அந்தச் சாதனத்தில் டபிள்யூபிடி அணைந்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே எழுத்தை இரண்டு கணக்கில் பிடித்து இழுத்தால் பிஎஃப்க்யூவின் பங்கீடு கெட்டுப்போகும். ஷெட்யூலரை மாற்றினால் த்ராட்டிலும் மாறுகிறது என்பது தெரியாமல் அளந்து பார்த்துவிட்டு "பிஎஃப்க்யூ வேகம்", "பிஎஃப்க்யூ மெதுவு" என்று சண்டை போடுவது வீண்.

இரண்டு வாசலையும் ஒரே ஆள் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓபன்இஸட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஒரு நல்ல உதாரணம். அதன் பழைய வடிவில் த்ராட்டில் முரட்டுத்தனமானது, வரம்பை நெருங்கினால் எழுதுபவர்களுக்கு 10 மில்லிநொடி தாமதம், வரம்பைத் தொட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். 2013-இல் ஆடம் லெவெந்தால், மேத்யூ அஹ்ரென்ஸ் இருவரும் ஷெட்யூலரையும் த்ராட்டிலையும் சேர்த்தே மாற்றினார்கள். டர்ட்டி அளவு என்ற ஒரே எண்தான் இரண்டையும் ஓட்டுகிறது. வரம்பில் 30 சதவீதம் வரை டிஸ்க்குக்குச் சில எழுத்துகள்தான் ஒரே நேரத்தில் போகும், அதனால் படிப்புகளுக்கு வழி இருக்கும். 30-இலிருந்து 60 வரை அந்த எண்ணிக்கை நேர்கோட்டில் ஏறும், கீழ் மதகை மெல்ல மெல்லத் திறப்பது மாதிரி. 60-க்கு மேல் மதகு முழுதும் திறந்தாகிவிட்டது, அதன் பிறகுதான் எழுதுபவர்களுக்குத் தாமதம் தொடங்கும், முதலில் மைக்ரோநொடிகள், வரம்பை நெருங்க நெருங்கச் செங்குத்தாக ஏறி அதிகபட்சம் 100 மில்லிநொடி. முதலில் கீழே திற, முடியாவிட்டால் மேலே குறை. இந்த வரிசை லினக்ஸின் பொதுப் பாதையில் இவ்வளவு தெளிவாக இல்லை, ஏனென்றால் அங்கே நினைவகப் பகுதியும் கோப்பு முறைமையும் பிளாக் லேயரும் வேறு வேறு ஆட்களின் கையில் தனித்தனியாக வளர்ந்தவை. இஸட்எஃப்எஸ்ஸோ கோப்பு முறைமை முதல் டிஸ்க் க்யூ வரை தானே வைத்திருக்கிறது.

பேஜ் கேஷில் எது யாருடையது என்ற அந்தப் பழைய கேள்விக்கும் லினக்ஸில் பதில் வந்தது. 2015-இல் 4.2 கர்னலில் தேஜுன் ஹியோ சிகுரூப் (புரோகிராம்களைக் குழுக்களாகப் பிரிக்கும் வசதி) ரைட்பேக்கைச் சேர்த்தார், டர்ட்டி பக்கம் எந்தக் குழுவுடையது என்ற அடையாளம் ஃப்ளஷர் வழியாகக் கீழேவரை போகும். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கன்டெய்னர்கள் பெருகிய காலத்தில் இது இல்லாமல் முடியாது, ஒரே சர்வரில் பத்து பேர் குடியிருக்கும்போது யாருடைய எழுத்து என்று தெரியாவிட்டால் யாரை நிறுத்துவது? ஆனால் அடையாளம் தெரிந்ததும் ஜர்னல் பிரச்சினை திரும்பி வந்தது. தாழ்ந்த குழுவின் எழுத்தைக் கீழே பிடித்து வைத்தால், அதே ஜர்னலுக்காகக் காத்திருக்கும் உயர்ந்த குழுவும் சேர்ந்து நிற்கும்.

2019 நவம்பரில் வந்த 5.4-இல், அதே ஹியோ எழுதிய, குழுக்களுக்கு டிஸ்க்கைப் பங்கிடும் ஐஓகாஸ்ட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோப்பு முறைமையின் உள்விவகாரங்களைச் சேர்ந்த எழுத்து, ராம் போதாதபோது டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகும் எழுத்து போன்றவற்றைக் கீழ் வாசலில் நிறுத்துவதே இல்லை, எந்தக் குழுவாக இருந்தாலும் உடனே விட்டுவிடும். அதன் செலவை அந்தக் குழுவின் பேரில் கடனாக எழுதி வைக்கும். பிறகு அந்தக் குழுவின் புரோகிராம் கர்னலை விட்டு வெளியே வரும் நேரத்தில், கையில் எந்தப் பூட்டும் இல்லாமல், அதன் பின்னால் யாரும் காத்திருக்காத அந்த நொடியில், கடனுக்குத் தகுந்தபடி அதைத் தூங்க வைக்கும். எழுத்து கீழே தடையில்லாமல் போய்விடுகிறது, எழுதியவர் மட்டும் மேலே நிற்கிறார்.